குழுவின் வாயில் தமிழ், ஏட்டில் ஆங்கிலமா?

பொறியியல் என்பது தனியொருவன் ஒரு மூலையிலிருந்து செய்து முடிக்கும் தொழிலன்று. அணை கட்டுவோரும், பாலம் எழுப்புவோரும், எந்திரம் அமைப்போரும் பலரொடு கூடியே அதனைச் செய்கின்றனர். நிலத்தை அளப்பவன் ஒருவன். மண்ணை ஆய்பவன் ஒருவன். சுமையைக் கணக்கிடுபவன் ஒருவன். வரைபடம் வரைபவன் ஒருவன். கல்லும் சாந்தும் கொண்டு கட்டி முடிப்போர் பலர். இவரனைவரும் தம்முட் பேசிக் கருத்தொத்தாலன்றிக் கட்டடம் நில்லாது. இக்கரணியம் பற்றியே, முதுநிலைப் பொறியியற் கல்வியில் மாணாக்கரைக் குழுக்களாகப் பிரித்துக் கூட்டாகத் திட்டப்பணி செய்விக்கும் முறை இன்று உலகிற் பல நாடுகளில் வலுப்பெற்று வருகின்றது. நல்ல முறையே, வரவேற்கத் தக்கதே. ஆயின், கூடிச் செய்வதென்றால் கூடிப் பேசுவதென்று பொருள். கூடிப் பேசுவதென்றால், எம்மொழியில் என்னும் வினா உடனே எழும். முதுநிலைப் பொறியியலைப் பொறுத்தவரை இவ்வினாவைத் தமிழ்நாட்டுக் கல்வியாளர் எழுப்புவதே இல்லை. விடை முன்னரே எழுதி வைக்கப்பட்டிருப்பதாக அவர்தம் எண்ணம்.

நம் நாட்டுக் கல்லூரியொன்றில் முதுநிலை மாணாக்கர் நால்வர் ஒரு குழுவாக அமர்கின்றனர் எனக் கொள்வோம். ஏரியொன்றின் நீர்வரத்தையும் வெள்ளப் போக்கையும் ஆய்ந்து, தூர்ந்துபோன அதன் கால்களைச் செப்பனிடத் திட்டம் வகுப்பது அவர்தம் பணி. ஏரிக்கரைக்குச் செல்கின்றனர். அங்கே பன்னெடுங்காலமாக மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டியின் வழிவந்த முதியவரைக் காண்கின்றனர். அவர் வரத்துக்கால் எங்கே அடைபட்டது, கலிங்கு எந்த அளவில் வழிந்தது, மறுகால் எவ்வழி பாய்ந்து அடுத்த ஏரியை நிரப்பிற்று, மதகுக்குக் கீழே எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பனவற்றையெல்லாம் விரல்நுனியிற் காட்டுகின்றார். குழுவினர் தமிழிற் கேட்கின்றனர், தமிழிற் புரிந்துகொள்கின்றனர், விடுதிக்குத் திரும்பியதும் தமிழிலேயே உரையாடித் தம்முள் முரண்படுகின்றனர், தமிழிலேயே ஒரு முடிவுக்கும் வருகின்றனர். பொறியியற் சிந்தனை முழுவதும் இங்கே தமிழில் நடந்து முடிந்துவிட்டது!

இனித்தான் கேடு தொடங்குகின்றது. இவ்வளவும் ஆங்கில ஏட்டில் ஏற வேண்டும். வரத்துக்கால், வாய்க்கால், மறுகால் ஆகிய மூன்றும் தமிழில் மூன்று சொற்கள், மூன்று வேலைகள். நீர் ஏரிக்குள் வருவது ஒன்று; ஏரியினின்று வயலுக்குச் செல்வது ஒன்று; மிகைநீர் வெளியேறுவது ஒன்று. ஆங்கில ஏட்டிலோ மூன்றும் 'சேனல்' என்னும் ஒரே சொல்லாகி, அடைமொழியினால் மட்டுமே வேறுபட்டு நிற்கின்றன. அடைமொழி விடுபட்டாற் பொருளும் விடுபடும். மாணவன் இரவெல்லாம் விழித்துச் செய்வது பொறியியலன்று, மொழிபெயர்ப்பு. அதுவும் தான் நன்கறிந்த மொழியினின்று அரைகுறையாய் அறிந்த மொழிக்குச் செய்யும் மொழிபெயர்ப்பு. தமிழில் ஒரு மணி நேரம் முரண்பட்டுத் தெளிந்த நுட்பம், ஆங்கிலத்தில் ஈரடியாகச் சுருங்கி ஏட்டில் விழுகின்றது. தெரிந்தது எழுத வரவில்லை. எழுத வந்ததோ தெரிந்ததன் நிழலே.

பின்னர் வாய்மொழித் தேர்வு வருகின்றது. குழுவில் ஒருவன் பள்ளி நாள்முதல் ஆங்கிலத்திற் படித்தவன், சரளமாய்ப் பேசுவான். இன்னொருவன் சிற்றூர்ப் பள்ளியிற் றமிழ்வழியிற் பயின்று, தன் உழைப்பினால் முதுநிலை வரை ஏறி வந்தவன். கரையின் மண்ணை ஆய்ந்தவனும், வெள்ளக் கணக்கைப் போட்டவனும், கலிங்கின் அகலம் போதாது என்பதைக் கண்டறிந்தவனும் இரண்டாமவனே. ஆயினும் தேர்வாளர்முன் நின்று உரைப்பவன் முதலாமவன். வினாக்கள் அவனை நோக்கியே செல்கின்றன. மற்றவன் சுவரோரமாய் நின்று தலையசைக்கின்றான். தன் கண்டுபிடிப்பைப் பிறனொருவன் தவறாய் விளக்குவதைக் கேட்டும், திருத்த நா எழாமல் நிற்கின்றான். மதிப்பெண் வரும்போது நாவன்மைக்கு ஒரு பங்கு மிகுதியாய் வருகின்றது. நாம் முதலாமவனைக் குறைகூறவில்லை. அவனும் தமிழ்ப்பிள்ளையே, அவன் செய்த தவறொன்றுமில்லை. பொறியியலை அளக்க வேண்டிய துலையில் ஆங்கிலத்தை வைத்து நிறுக்கும் முறையன்றோ தவறு! குழுப்பணி என்னும் அழகிய பெயரால் நிகழும் இது கூட்டுறவா? ஒருவன் உழைப்பை இன்னொருவன் நாவுக்குக் கூலியாக்கும் ஏற்பாடன்றோ?

ஏட்டின் முடிவும் இரங்கத் தக்கதே. அட்டை கட்டப்பெற்று, பொன்னெழுத்துப் பொறிக்கப்பெற்று, துறையின் நிலைப்பேழைக்குள் அது துயில்கின்றது. எவர்தம் ஏரியைப் பற்றி எழுதப்பட்டதோ அவ்வூரார் அதனைப் படித்தறிய இயலாது. மண்வெட்டி பிடித்துத் தூர் எடுக்கப் போகின்றவனுக்கும் அது பயன்படாது. நீர்க்கட்டியிடமிருந்து பெற்ற அறிவைப் பெற்றவர் அவனுக்குத் திருப்பித் தரவேயில்லை. ஊரார் அறிவை ஊரார்க்கே எட்டாத மொழியில் ஒளித்துவைக்கும் கல்வியை எப்பெயரால் அழைப்பது?

தமிழில் முதுநிலைப் பொறியியலுக்கு இடமேயில்லாதபடி வாயில்கள் அடைபட்டுள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டு கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் ஆகிய இரு துறைகளில் இளநிலைப் பட்ட வகுப்பைத் தமிழ்வழியில் தொடங்கிற்று. அதே ஆண்டு, தமிழ்வழியிற் பயின்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டமும் பிறந்தது. 2023-ஆம் ஆண்டு மே திங்களில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் இவ்வகுப்புகளை நிறுத்துவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பெழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சேர்வார் குறைவு என்பது அன்று சொல்லப்பட்ட கரணியம். ஏன் குறையாது? தமிழில் இளநிலை முடித்தவன் மேலே எங்கே செல்வான்? முதுநிலைப் பொறியியற் சேர்க்கைக்கான 'கேட்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகின்றது. ஏணியின் மேற்படிகளைப் பிடுங்கிவிட்டு, கீழ்ப்படியில் ஏறுவார் இல்லையே என்று கைவிரிப்பது என்ன நடுவுநிலை?

குழுமுறைக் கல்விக்கு உலகினர் சுட்டும் ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். டென்மார்க்கு நாட்டில் 1974-ஆம் ஆண்டு ஆல்போர்க்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அங்கே ஒவ்வொரு பருவத்திலும் மாணாக்கர் சிறு குழுக்களாகக் கூடி, உண்மையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழத் தம் படிப்புக் காலத்தின் பாதியை அத்திட்டப்பணியிலேயே செலவிடுகின்றனர். முதுநிலை வகுப்பிலும் இம்முறையே தொடர்கின்றது. குழுவாகவே ஏடு எழுதுகின்றனர். குழுவாகவே தேர்வுக்கும் அமர்கின்றனர். மதிப்பெண்ணோ ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே தரப்படுகின்றது. ஒவ்வொருவரும் செய்ததைப் பிரித்தறிதல் அரிதென்று கூறி, 2006-ஆம் ஆண்டு அந்நாட்டரசு குழுத்தேர்வைத் தடைசெய்தது. கூட்டாகக் கற்றதைத் தனியாகத் தேர்தல் பொருந்தாதென மாணாக்கரும் ஆசிரியரும் எதிர்த்தனர். ஆட்சி மாறிய பின், 2012-ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. யார் எவ்வளவு செய்தார் என்பதனை எவ்வாறு அறிவது என்று ஒரு நாடே சொற்போர் நிகழ்த்திற்று. நம் நாட்டிலோ அவ்வினாவுக்கே இடமில்லை. ஆங்கிலம் பேசியவனே செய்தவன் என்று முடித்துவிடுகின்றோம்.

டேனிய மொழி பேசுவோர் ஏறத்தாழ 60 நூறாயிரவரே. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை மட்டுமே 7 கோடியைக் கடந்தது. அச்சிறு மொழி எவ்வாறு பொறியியலைத் தாங்கிற்று? மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதனை 1820-இல் உலகுக்கு உணர்த்திய ஓர்செட்டு என்னும் அறிவியலறிஞர் டேனியர். அவர் தம் தாய்மொழியில் அறிவியற் சொற்களை ஆக்கித் தருவதைத் தம் கடமையாகக் கொண்டார். தீயைக் குறிக்கும் டேனியச் சொல்லினின்று உயிர்வளிக்கும், எரிதலைக் குறிக்கும் சொல்லினின்று நீர்வளிக்கும் அவர் 1814-இல் பெயரமைத்தார். டேனியர் இன்றும் அச்சொற்களை வழங்குகின்றனர். 1829-இல் கோபனேகனில் தொழிற்கலைக் கல்லூரியையும் நிறுவியவர் அவரே. தூய தாய்மொழிச் சொல் வேண்டும் என்போரை அறிவியலறியாப் பழைமையாளர் என எள்ளுவோர், மின்காந்தவியலின் தந்தை செய்த இப்பணியை எண்ணிப் பார்க்கட்டும். இன்று டென்மார்க்கிலும் முதுநிலை வகுப்புகள் பல ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயின் அவர்தம் மொழி பொறியியலைப் பேசப் பழகி, வேர்கொண்டு வளர்ந்த பின்னரே ஆங்கிலம் அங்கே விருந்தாக நுழைந்தது. இங்கோ விருந்தாளி அடுக்களை முதல் முற்றம் வரை அமர்ந்துகொள்ள, வீட்டுக்குரியாள் திண்ணையில் நிற்கின்றாள்.

'தமிழிற் கலைச்சொல் இல்லையே' என்பது நெடுநாட் பாட்டு. சொல் எங்கே பிறக்கும் என்பதனை இவர் அறிந்திலர். பேராசிரியர் சிலர் கூடிச் சொற்பட்டியல் அச்சிட்டுவிட்டால் மட்டும் சொல் வாழ்ந்துவிடாது. அவ்வகைப் பட்டியல்கள் பயனுடையவையே. ஆனாற் பேசுவாரின்றி அச்சொற்கள் ஏட்டிலேயே உலர்ந்துபோகும். சொல் ஆக்கித் தந்ததொடு நம் கடமை முடிந்ததென்று தமிழன்பரும் இருத்தலாகாது. ஒரு பொருளைச் செய்ய முனைந்த நால்வர், ஒருவர்க்கொருவர் விளக்க வேண்டிய முட்டுப்பாட்டில், உடனடியாக ஒரு சொல்லைத் தேடுவர். ஒருவர் சொல்வார், மற்றவர் திருத்துவர், மூன்றாம் நாள் அது குழுவின் சொல்லாகும். தூக்குக்குண்டும், மூலைமட்டமும், மட்டப்பலகையும் எந்தக் குழுவினர் அறைக்குள் அமர்ந்து ஆக்கிய சொற்கள்? கட்டுவோர் கூடிக் கட்டுகையிற் பிறந்தவை அவை. ஆதலாற் கூட்டுத் திட்டப்பணியே கலைச்சொல்லின் தொட்டில்.

இதற்கு ஈழத்திற் சான்றுண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணாக்கர்க்கு மேலை மருத்துவங் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, உடலியல், அறுவை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம் ஆகிய துறை நூல்களைத் தம் மாணாக்கர் துணைகொண்டு தமிழாக்கினார். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரு குழுவாக அமர்ந்து சொல்லைத் தேடினர், ஆய்ந்தனர், அச்சேற்றினர். பிறநாட்டான் ஒருவன், தன் தாய்மொழியை ஒதுக்கிவைத்துவிட்டு, தமிழன் தமிழிலேயே மருத்துவம் கற்க முடியும் என்று நம்பினான். அவன் நம்பியதை நம் பல்கலைக்கழகங்கள் இன்றும் நம்ப மறுக்கின்றன.

இனிக் குழுப்பணியில் அவரவர் பங்கை அறிந்து பெருமைப்படுத்தும் முறையும் நமக்குப் புதிதன்று. 1010-ஆம் ஆண்டு நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், அதனைக் கட்டிய தலைமைத் தச்சனாகிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயர் மட்டுமன்று. அவனொடு பணிசெய்த நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் ஆகியோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அக்கட்டடத்தின் பொறியியற் குழுவை நாம் பெயர்சொல்லி அறிகின்றோம். பதிவு செய்யப்பட்ட மொழி எது? தமிழ். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர்க் கல்லில் தமிழால் எழுதப்பட்ட முறைமை, இன்று தாளில் எழுதக் கூடாதாயிற்றா?

மறுப்புரைப்போர் கூறுவனவற்றையும் எடுத்துக்கொள்வோம். 'பன்னாட்டு ஏற்பு வேண்டுமாயின் ஆங்கிலம் வேண்டும்' என்பர். பொறியியற் பட்டங்களுக்கான வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-ஆம் ஆண்டு முழு உறுப்பாயிற்று. சப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளும் அதில் உறுப்புகளே. அந்நாட்டு மாணாக்கர் பெரும்பாலும் தத்தம் மொழியிலேயே பொறியியல் பயில்கின்றனர்; அதனால் அவர்தம் பட்டம் தாழ்ந்துவிடவில்லை. பொறியாளர்க்கு இருக்க வேண்டிய பண்புகளாக அவ்வுடன்படிக்கை நாடுகள் வகுத்துள்ளவற்றுள் குழுவில் இயங்கும் திறமும், கருத்துரைக்கும் திறமும் அடங்கும். 2021-இல் அவை திருத்தப்பட்டபோது, பண்பாட்டு வேறுபாட்டையும் மொழி வேறுபாட்டையும் கருத்திற்கொண்டு கருத்துரைக்க வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது. உலகோர் கேட்பது கருத்துரைக்கும் ஆற்றலை, ஆங்கிலத்தையன்று.

'ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் உள்ளனவே. வேலை தருவோர் ஆங்கிலம் கேட்கின்றனரே' என்பர். உண்மையே. ஆங்கிலத்தைக் கல்லாதீர் என்று நாம் கூறவில்லை. ஆங்கிலம் படிக்கட்டும், பிற நாட்டார் எழுதியதை அறியட்டும், தம் முடிவை உலகறிய ஆங்கிலத்திலும் எழுதட்டும். ஆனால் அது இறுதிப் படியாகட்டும். சிந்திப்பதும், வாதிடுவதும், வடிவமைப்பதும், பதிவதும் தமிழிலாகட்டும். முடிந்த பொருளை வேற்றுமொழியிற் பெயர்ப்பது எளிது. முடியாத சிந்தனையை வேற்றுமொழியிற் செய்வதுதான் அரிது. 'எம் வகுப்பில் வேற்று மாநிலத்தாரும் உள்ளனரே' என்பாரும் உளர். அத்தகைய குழு தனக்கேற்ற பொதுமொழியைத் தேர்ந்துகொள்ளட்டும். நால்வரும் தமிழராயிருக்கும் குழுவிலும் ஆங்கிலத்தைத் திணிப்பதற்கு அஃது எவ்வாறு கரணியமாகும்?

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, முதுநிலைக் குழுப்பணியின் பணிக்குறிப்பேடு நாள்தோறும் தமிழில் எழுதப்பட வேண்டும். அதில் யார் எதனை அளந்தார், யார் எதனைக் கணக்கிட்டார், எக்கருத்து எவரால் ஏற்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்பது பெயரொடு பதிவாக வேண்டும். இரண்டாவது, குழுவின் ஏட்டைத் தமிழில் தரும் உரிமை சட்டமாக வேண்டும். ஆங்கிலச் சுருக்கம் ஒன்று உடன் இருத்தல் போதும். மூன்றாவது, வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு மாணாக்கரும் தனித்தனியே, தாம் விரும்பும் மொழியில், தாம் செய்த பகுதியைப் பற்றி வினவப்பட வேண்டும். நான்காவது, ஒவ்வொரு குழுவும் தன் பணியிற் கண்ட, கேட்ட, ஆக்கிய சொற்களின் பட்டியலை ஏட்டின் இறுதியிற் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகம் அவற்றையெல்லாம் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஐந்தாவது, எவ்வூரைப் பற்றி ஆய்ந்தனரோ அவ்வூர் மன்றத்தில் அதன் சுருக்கத்தைக் குழுவினர் தமிழிற் படித்துக்காட்ட வேண்டும். ஆறாவது, 'கேட்' தேர்வைத் தமிழிலும் எழுத வழிசெய்ய வேண்டும். தமிழ்வழி முதுநிலை வகுப்பு ஒரு துறையிலேனும் தொடங்கப்பட வேண்டும்.

இவற்றுட் கடைசி வேண்டுகோளுக்கு நடுவணரசும் மாநில அரசும் பல்கலைக்கழகமும் மனம்வைக்க வேண்டும். முதல் வேண்டுகோளுக்கோ எவர் இசைவும் வேண்டுவதில்லை. பொறியியல் பயிலும் தமிழ் இளைஞரே! அடுத்த முறை நீவிர் குழுவாய்க் கூடும்போது ஒரு குறிப்பேட்டை வாங்கி நடுவில் வையுங்கள். நீவிர் பேசும் மொழியிலேயே நீவிர் பேசியதை எழுதுங்கள். சொல் கிடைக்காவிடத்துத் தேடுங்கள், தந்தையிடம் கேளுங்கள், கொத்தரிடம் கேளுங்கள், கொல்லரிடம் கேளுங்கள், உழவரிடம் கேளுங்கள். எவரிடமும் இல்லையாயின் நால்வரும் கூடி ஆக்குங்கள். சுவரோரமாய் நிற்கும் உங்கள் தோழனைக் கைபிடித்து அழைத்து, அவன் கண்டதை அவனே சொல்லுமாறு செய்யுங்கள். அவன் வாய் திறக்கும் நாளில்தான் உங்கள் குழு உண்மையிற் குழுவாகும். அவன் மொழி ஏட்டில் ஏறும் நாளில்தான் தமிழ்நாட்டுப் பொறியியல் தமிழருடையதாகும்.